வாசகர் கேள்வி – பதில்: குடும்பத்துக்கு எந்த வீடியோ கேமரா?

கேள்வி: எனக்கு வயது 62. இந்த டிசம்பர் விடுமுறையில் ஜோஹன்னஸ்பர்கிலிருந்து வரும் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் ஆகியோருடன் முதலில் டிராக்கன்ஸ்பர்க் மலைக்கும், அங்கிருந்து க்ரூகர் பூங்காவுக்கும் செல்ல இருக்கிறோம். ஒரு வீடியோ கேமரா வாங்கலாம் என்று கடைக்குப் போனால், கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்து 4கே, வைஃபை, மெகாபிக்சல் என்று அடுக்கிக்கொண்டே போனார். திறந்தால் படம் பிடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பெரும்பாலும் என் கணவரே படம் பிடிப்பார். அவருக்குக் கை சற்று நடுங்கும். எதை வாங்குவது?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, கடைக்காரர் அடுக்கியவற்றை ஒரு புறம் வைத்துவிடுங்கள். திறந்தவுடன் படம் பிடிக்க வேண்டும் என்பதும், பிடிக்கப்போகும் கை நடுங்கும் கை என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. தேர்வை இந்த இரண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். மெகாபிக்சல் எண்ணிக்கையிலிருந்து அன்று.

பொத்தான்கள் குறைவாக இருந்தால் அதை எளிதான கேமரா என்று கடைகளில் சொல்லிவிடுகிறார்கள். என் கணக்கு வேறு. பையிலிருந்து கேமராவை எடுக்கும் நொடி முதல், பிடித்த படத்தை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கும் வரை எத்தனை படிகள் இருக்கின்றன, அவற்றுள் எத்தனை படிகளுக்கு மகனைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் நான் எண்ணிப் பார்ப்பேன். படம் பிடிக்க ஒரே பொத்தான் இருந்தும், பிடித்ததைப் பார்க்கக் கணினியும் தனி மென்பொருளும் வேண்டும் என்றால் அந்தக் கேமரா எளிதானதன்று. பக்கவாட்டுத் திரையைத் திறந்தவுடன் தானே உயிர்பெற்று, மூடியவுடன் அணைந்து, எச்டிஎம்ஐ கம்பி ஒன்றைச் செருகினால் தொலைக்காட்சியில் ஓடிவிடும் பழைய பாணிக் கேம்கார்டர் இந்த அளவுகோலில் இன்றும் முதலிடத்தில் நிற்கிறது. வலக்கையை ஒரு வாருக்குள் நுழைத்துக்கொண்டால் கட்டைவிரல் பதிவுப் பொத்தானிலும் ஆள்காட்டி விரல் ஜூம் நெம்புகோலிலும் தாமாகவே போய் அமர்ந்துகொள்ளும். எத்தனையோ ஆண்டுகளாக மாறாத அமைப்பு அது.

அடுத்தது கை நடுக்கம். எல்லாக் கேமராப் பெட்டிகளிலும் ‘ஸ்டெபிலைசர்’ என்று அச்சிட்டிருக்கும். ஆனால் அது இரண்டு வகைப்படும். ஒன்று மின்னணு முறை. படத்தின் ஓரங்களை வெட்டி, நடுப்பகுதியை இங்கும் அங்கும் நகர்த்தி ஆட்டத்தை மறைக்கப் பார்ப்பது. மற்றொன்று ஆப்டிகல் முறை; லென்ஸின் ஒரு பகுதியே நகர்ந்து, ஆட்டத்தை அது நிகழும்போதே ஈடுசெய்வது. உங்கள் கணவருக்கு ஆப்டிகல் முறைதான் வேண்டும். சோனியின் எஃப்டிஆர்-ஏஎக்ஸ்43 வரிசையில் லென்ஸும் அதன் பின்னால் ஒளியை வாங்கும் சென்சாரும் சேர்ந்து ஒரே கூடாக மிதக்கும்படி செய்திருக்கிறார்கள்; நடுங்கும் கைக்கு இதைப் போல உதவும் குடும்பக் கேமராவை நான் பார்த்ததில்லை. அதன் எடை அரைக் கிலோவுக்கு மேல். எடை கூடினால் கை இன்னும் நடுங்காதா என்று கேட்பீர்கள். உண்மையில், மிக இலேசான கேமராதான் மூச்சு விட்டாலும் அசையும். உள்ளங்கையில் சற்று அழுத்தமாக உட்காரும் எடை படத்துக்கு நல்லது. ஆனால் நடுக்கத்தோடு மணிக்கட்டில் வலியும் இருக்குமானால் இந்தக் கணக்கு மாறிவிடும். அப்போது சோனியின் எச்டிஆர்-சிஎக்ஸ்405 போன்ற, பேட்டரியுடன் சேர்ந்தே கால் கிலோவுக்குக் குறைவான கேமராதான் ஏற்றது. அதிலும் ஆப்டிகல் ஸ்டெபிலைசர் உண்டு. விலையும் மிகக் குறைவு.

க்ரூகருக்குப் போகிறீர்கள் என்பதால் ஜூம் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. சிங்கம் 200 மீட்டர் தள்ளி மரநிழலில் படுத்திருந்தால், அதை அருகில் கொண்டுவர லென்ஸ் ஒன்றுதான் வழி. பெட்டியில் பெரிய எழுத்தில் 350, 600 என்று போட்டிருப்பது டிஜிட்டல் ஜூம். இருக்கும் படத்தையே இழுத்துப் பெரிதாக்குவது. அந்த எண்ணை மறந்துவிட்டு ‘ஆப்டிகல் ஜூம்’ என்று எழுதியுள்ள எண்ணை மட்டும் பாருங்கள். மேலே சொன்ன ஏஎக்ஸ்43 கேமராவில் அது 20 மடங்கு, சிஎக்ஸ்405 கேமராவில் 30 மடங்கு, பானசோனிக்கின் எச்சி-வி180 கேமராவில் 50 மடங்கு. விலை குறைந்த கேமராவில் ஜூம் கூடுதலாக இருப்பது ஏன் என்று நீங்கள் வியக்கலாம். சென்சார் சிறியதாக இருந்தால், சிறிய லென்ஸைக் கொண்டே பெரிய ஜூம் செய்துவிட முடியும். அந்தச் சிறிய சென்சாருக்கு மாலை இருட்டில் கண் தெரியாது. சிங்கமும் சிறுத்தையும் நடமாடும் அந்தி வேளையில் படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோகும். ஆகவே எனக்கு 50 மடங்கைவிட 20 மடங்கே மேல்.

எந்தக் கேமராவை வாங்கினாலும், க்ரூகருக்குப் போகும்போது ஒரு துணிப்பையில் ஒரு கிலோ உலர்ந்த சுகர் பீன்ஸைக் கொட்டித் தைத்து எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடியை இறக்கிய கார் சன்னலின் மேல் அந்தப் பையைப் போட்டு, அதன் மேல் கேமராவை அமர்த்தி, எஞ்சினை அணைத்துவிட்டால், முழு ஜூமிலும் படம் கல்லில் செதுக்கியது போல நிற்கும். வீடு திரும்பியதும் பீன்ஸைக் கறி வைத்துவிடலாம்; எந்த ஸ்டாண்டிலும் இந்த வசதி இல்லை.

முழு எச்டியைவிட நான்கு மடங்கு நுணுக்கமான படம் தரும் 4கே வேண்டுமா என்பதற்கு நேரான விடை: இருந்தால் நல்லது, இல்லையென்று வருந்த வேண்டியதில்லை. கேமராவில் 4கே பதிவை விநாடிக்கு 60 மெகாபிட் அளவில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 27 ஜிபி இடம் போகும். 100 மெகாபிட் என்றால் 45 ஜிபி. சாதாரண முழு எச்டி பதிவு 17 மெகாபிட் அளவில் மணிக்கு 8 ஜிபியோடு நின்றுவிடும். அதாவது 64 ஜிபி மெமரி கார்டு ஒன்றில் எச்டி படம் ஏறத்தாழ 8 மணி நேரம் அடங்கும். 4கே என்றால் அதே கார்டு இரண்டரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். பத்து நாள் பயணத்தில் இது கணினியும் வெளி ஹார்டு டிஸ்கும் கூடவே கொண்டு செல்லும் கவலையாக வளரும். பேரப்பிள்ளைகள் பேசும் பேச்சு எச்டியிலும் அதே பேச்சுதான். கார்டு வாங்கும்போது மட்டும் மலிவு பார்க்காதீர்கள். ‘வி30’ என்னும் வேகக் குறி அச்சிட்ட, நம்பத்தக்க நிறுவனத்தின் 64 ஜிபி கார்டுகள் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். 128 ஜிபி ஒன்றை வாங்குவதைவிட இது நல்லது. ஒன்று கெட்டாலும் பாதிப் பயணமாவது மிஞ்சும்.

கேமராவுடன் வரும் பேட்டரி பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இன்னொன்று கட்டாயம் வேண்டும். லோட்ஷெடிங் எனப்படும் மின்வெட்டுக் காலத்தில் எல்லா வீட்டிலும் வாங்கிக் குவித்த பவர் பேங்குகள் இன்று அலமாரியில் தூங்குகின்றன. யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறும் கேமராவாக இருந்தால் அவற்றுக்கு மறுபடி வேலை கிடைக்கும்.

கடைசியாக, நீங்கள் தனியாகக் கடைக்குப் போகாமல் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். கேமராவை அவர் கையில் கொடுத்து, திறந்து, முழு ஜூமில் கடையின் எதிர்ப்பக்கச் சுவரிலுள்ள எழுத்துகளை ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். அங்கேயே ஒரு தொலைக்காட்சியில் போட்டுப் பாருங்கள். எழுத்துகளை வாசிக்க முடிகிறதா? மூக்குக் கண்ணாடி இல்லாமல் திரையிலுள்ள குறிகள் அவருக்குத் தெரிகின்றனவா? இந்தச் சோதனைக்கு இடம் கொடாத கடையில் வாங்க வேண்டாம்.

பதிவுப் பொத்தானை அழுத்திய பின் திரையில் சிவப்புப் புள்ளி தோன்றி விநாடிகள் ஓடுகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும் பழக்கத்தையும் அவருக்கு ஏற்படுத்துங்கள். டோங்காட்டில் என் அக்காள் மகன் திருமணத்தில் நான் இதைச் செய்யவில்லை. தொடங்குவதாக நினைத்து நிறுத்தினேன், நிறுத்துவதாக நினைத்துத் தொடங்கினேன். மாங்கல்யதாரணம் பதிவாகவில்லை, நாற்காலிக் கால்களும் என் செருப்பும் 40 நிமிடம் பதிவாகியிருந்தன. அக்காள் இன்றும் அதைச் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை.

கேள்வி: என்னிடம் நல்ல கைப்பேசி இருக்கிறது. ஆனாலும் அம்மா தனியாக ஒரு கேம்கார்டர் வேண்டும் என்கிறார். இந்தக் காலத்தில் அது வீண் செலவு இல்லையா?
— ஒரு வாசகர், பீனிக்ஸ்

பதில்: பாதி வீண் செலவு என்று ஒப்புக்கொள்கிறேன். பிறந்தநாள் கேக் வெட்டுவது, கடற்கரையில் குழந்தைகள் ஓடுவது, இரவில் தீபாவளி வாணம் விடுவது போன்றவற்றுக்கு இன்றைய நல்ல கைப்பேசி, விலை குறைந்த கேம்கார்டரைவிட மேலான படம் தரும். இருட்டில் அந்த வேறுபாடு இன்னும் கூடும். கைப்பேசிக்குள் இருக்கும் கணக்கீட்டுத் திறன் அப்படி.

ஆனால் பள்ளி மேடையில் உங்கள் தங்கை ஆடும் நடனத்தைப் பதினைந்தாவது வரிசையிலிருந்து பிடிக்க வேண்டியிருக்கும் நாளில், கைப்பேசியின் 3 மடங்கு, 5 மடங்கு ஜூம் காலை வாரிவிடும். இரண்டு மணி நேரத் திருமணத்தைத் தொடர்ந்து பிடித்தால் கைப்பேசி சூடேறும், சார்ஜ் இறங்கும், நடுவில் யாராவது அழைப்பார்கள். கேம்கார்டரில் பேட்டரியையும் கார்டையும் மாற்றிவிட்டுத் தொடரலாம். இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் அம்மா அதைத்தான் மனத்தில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். உங்கள் கைப்பேசியில் இருக்கும் படம் உங்களுடையது. அது உங்களோடு வேலைக்குப் போகிறது, கைப்பேசியை மாற்றும்போது எங்கோ மறைகிறது. கூடத்து அலமாரியில் இருக்கும் கேமரா வீட்டாருடையது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிடிக்கலாம், எடுத்துப் பார்க்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 இல் வெளிவந்த டிஜேஐ ஓஸ்மோ பாக்கெட் 3 உள்ளங்கையில் அடங்குவது. தலைப்பகுதியே மோட்டாரில் சுழன்று ஆட்டத்தை நீக்குவதால், நடந்துகொண்டே பிடித்தாலும் படம் நீரில் மிதப்பது போல வரும். சென்சாரும் பெரிது. ஆனால் அதில் ஆப்டிகல் ஜூம் அறவே இல்லை. குழந்தைகளின் பின்னாலேயே ஓடிப் படம் பிடிக்கும் இளையவர்களுக்கு அது பொருந்தும். உட்கார்ந்த இடத்திலிருந்து தொலைவில் உள்ளதைப் பிடிக்க நினைக்கும் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது.

கேள்வி: அமெரிக்காவிலுள்ள சித்தப்பா புதிய கேம்கார்டர் ஒன்றை மலிவாக வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். இங்கே இணையத்திலும் சிலர் கடை விலையைவிடக் குறைத்து விற்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: சித்தப்பாவின் அன்பை ஏற்றுக்கொண்டு கேமராவை மறுத்துவிடுங்கள். காரணம் மின்சாரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் மின்னோட்டம் விநாடிக்கு 60 முறை அலைகிறது. அங்கு விற்கும் குடும்பக் கேமராக்கள் அதற்கேற்ப விநாடிக்கு 60 அல்லது 30 படங்கள் பிடிக்கும். நம் தென்னாப்பிரிக்காவில் அது 50. இந்தக் கணக்குப் பொருந்தாதபோது, குழல் விளக்கும் மலிவான எல்இடி விளக்கும் எரியும் மண்டபத்துக்குள் பிடித்த படம் முழுவதும் மினுக் மினுக்கென்று துடிக்கும். சில வேளைகளில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடும். வெயிலில் பிடித்தது நன்றாகவே இருக்கும் என்பதால், முதல் திருமணத்துக்குப் போய் வரும் வரை குறை தெரியாது. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தை, கையால் 1/50 அல்லது 1/100 விநாடிக்கு வைக்க முடிந்தால் துடிப்பு அடங்கும். ஆனால் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் எளிய கேமராவைத் தேடுகிறவருக்கு அது தலைவேதனைதான். சில விலை உயர்ந்த கேமராக்களில் பால் (PAL, 50 அலைவு), என்டிஎஸ்சி (NTSC, 60 அலைவு) என்னும் இரு முறைகளுக்கும் இடையே மாற்றிக்கொள்ள வழி உண்டு. மலிவான குடும்பக் கேமராக்களில் பெரும்பாலும் இல்லை. போதாததற்கு, அஞ்சலில் வரும் பொருளுக்கு 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி இங்கே காத்திருக்கும்.

இணையத்தில் விலை குறைத்து விற்பவை பலவும் ‘கிரே இம்போர்ட்’ எனப்படுபவை. உற்பத்தி நிறுவனத்தின் உள்ளூர் முகவர் வழியாக அன்றி, வேறு நாட்டுச் சந்தையிலிருந்து நேரே கொண்டுவரப்பட்டவை. பொருள் போலியானதன்று. ஆனால் உள்ளூர் முகவர் அதைப் பழுதுபார்க்க மறுக்கலாம். 2008 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இத்தகைய பொருளை விற்பவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அதே சட்டத்தின்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் பழுதுநீக்கமோ, மாற்றுப் பொருளோ, பணமோ கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மூன்றில் எது என்று தீர்மானிப்பதும் நீங்களே. கிரே இம்போர்ட் விற்ற கடைக்கும் இது பொருந்தும். ஆனால் அந்தக் கடை ஒரு கைப்பேசி எண்ணாகவும் ஒரு முகநூல் பக்கமாகவும் மட்டுமே இருந்தால், உரிமையை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? கதவும் பலகையும் உள்ள கடையில் ரசீதுடன் வாங்குங்கள்.

கேள்வி: வரும் தைப்பூசத்தில் என் தம்பி முதன்முறையாகக் காவடி எடுக்கிறான். சென்ற ஆண்டு உறவினர் ஒருவருக்காக நான் பிடித்த படத்தில் கற்பூர வெளிச்சம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மேளச் சத்தமும் கரகரவென்று இருந்தது. கேமரா சரியில்லையா, நான் சரியில்லையா?
— ஒரு வாசகி, மவுண்ட் எட்ஜ்கோம்ப்

பதில்: இருவரும் குற்றமற்றவர்கள். குற்றம் ‘ஆட்டோ’ என்னும் ஏற்பாட்டுடையது.

கேமரா தன் முன்னுள்ள ஒளியைச் சராசரி பார்த்துத் திறப்பைச் சரிசெய்கிறது. இருண்ட இடத்தில் தட்டு நிறையக் கற்பூரம் எரியும்போது, அந்தச் சுடருக்காகக் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. முகங்கள் கரிந்து போகின்றன. தொடுதிரை உள்ள கேமராக்களில் இதற்கு எளிய வழி உண்டு. பட்டியலில் ‘ஸ்பாட்’ என்னும் அமைப்பைத் தேர்ந்து, திரையில் தம்பியின் முகத்தைத் தொட்டுவிடுங்கள். இனி அந்த முகத்துக்கே ஒளி கணக்கிடப்படும். சுடர் வெறும் வெள்ளையாகப் பூத்துவிட்டால் போகட்டும். முகத்தில் விபூதியும் கண்ணீரும் தெரிவதுதானே வேண்டும்? பகலில் தேர் வீதிக்கு வந்ததும் அந்த அமைப்பை மறக்காமல் ஆட்டோவுக்குத் திருப்பிவிடுங்கள்.

கரகரப்புக்குக் காரணம் மேளத்துக்கும் உறுமிக்கும் மிக அருகில் நின்றது. கேமராவின் உள் மைக், நாம் பேசும் அளவுச் சத்தத்துக்காக அமைந்தது. அமைதியான வேளையில் அது தன் செவியை அகலத் திறந்துகொள்கிறது. திடீரென்று மேளம் முழங்கினால் ஒலி உடைகிறது. மைக் அளவைக் குறைக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் பாதிக்கும் கீழே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மேளக்காரர்களிடமிருந்து பத்து அடியாவது விலகி நின்று ஜூமைப் பயன்படுத்துங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் வெளி மைக் செருகும் துளை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. முன்பு சொன்ன சிஎக்ஸ்405 கேமராவில் அது கிடையாது, ஏஎக்ஸ்43 கேமராவில் உண்டு. டர்பன் கடற்கரைக் காற்றுக்கும் இதுவே மருந்து. மைக்கின் மேல் மயிரடர்ந்த உறை ஒன்றைப் போட்டுவிட்டால் காற்றின் இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும்.

கேமராவோடு சேராத ஒன்றையும் சொல்கிறேன். அலகு குத்தும்போது தம்பியின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட வேண்டாம். பூசாரியிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் காட்டும் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று நடக்கும் தீமிதியில், குழியைக் கடந்து வருகிறவர்கள் கால்வைக்கும் இடத்திலேயே படம் பிடிப்பவர்கள் குழுமி நிற்பதைக் கண்டிருக்கிறேன். நெருப்பில் நடந்து வருகிறவருக்கு வழிவிடாமல் எடுக்கும் படம் எனக்கு வேண்டியதில்லை. பக்கவாட்டில் நின்றால் நடப்பவரின் முகமும் பாதமும் ஒன்றாகக் கிடைக்கும். படமும் அதுதான் அழகு.

கேள்வி: குடும்பத்தோடு தமிழ்நாடு செல்கிறோம். கேமரா கொண்டு போவதில் ஏதேனும் சிக்கல் உண்டா?
— ஒரு வாசகர், ஸ்டாங்கர்

பதில்: புறப்படுமுன் விமான நிலையச் சுங்கப் பிரிவில் கேமராவையும் அதன் வரிசை எண்ணையும் பதிவு செய்துகொள்ளுங்கள், திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்வி எழாது. கூடுதல் பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. இந்தியாவிலும் மின்சாரம் 50 அலைவுதான். ஆகவே நம் கேமராவுக்கு விளக்குத் துடிப்புத் தொல்லை இல்லை. நம் வீட்டுப் பெரிய மூன்று முனை பிளக், அங்கு ஏசிக்கும் துணி துவைக்கும் எந்திரத்துக்கும் வைத்திருக்கும் பெரிய சாக்கெட்டில் பெரும்பாலும் பொருந்திவிடும்.

கோயில்களில்தான் கவனம் வேண்டும். இங்கே நம் கோயில்களில் தாராளமாகப் படம் பிடித்துப் பழகிவிட்டோம். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டு செல்வதைத் தடுக்கும்படி உத்தரவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கேமராவையும் வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும். கோபுரத்தை வெளியே நின்று பிடித்துவிட்டு, உள்ளே கண்ணால் பாருங்கள். படம் பிடிக்க வேண்டியது கொள்ளுத்தாத்தா புறப்பட்ட ஊரில் இருக்கிறது: உறவு முறை சொல்லத் தெரிந்த முதியவர் ஒருவரைத் திண்ணையில் உட்கார வைத்து, கேமராவை எதிரே ஒரு முக்காலியில் நிறுத்தி, அவர் பேசி முடிக்கும் வரை ஓடவிடுங்கள். நிறுத்தி நிறுத்திப் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: அப்பா 1980களிலும் 90களிலும் பிடித்த வீடியோ நாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. போட்டுப் பார்க்க எந்திரம் இல்லை. புதிய கேமரா வாங்கினால் அதில் இவற்றைப் பார்க்க முடியுமா?
— ஒரு வாசகி, இசிபிங்கோ

பதில்: முடியாது. புதிய கேமரா எதிலும் நாடா நுழையும் வாயே இல்லை. ஆனால் கேமரா வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் இந்தப் பெட்டிக்குச் செலவிடுங்கள் என்பேன். இந்த நாட்டில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரி 5 அன்றுதான். அதற்குப் பத்தாண்டுகள் கழிந்து வீட்டில் வீடியோ கேமரா வைத்திருந்த அப்பாக்கள் மிகச் சிலர்.

முதலில் நாடாக்களைப் பிரித்து அடுக்குங்கள். பெரியவை விஎச்எஸ். சிறிய ஒலிநாடா அளவில் இருப்பவை வீடியோ8 அல்லது ஹை8. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியவை மினிடிவி. நாடாவின் சிறு சன்னல் வழியே உள்ளே பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளை மாவு பூத்தது போல இருந்தால் அது பூஞ்சணம். டர்பன் கரையோர ஈரக்காற்றில் வைத்த நாடாவுக்கு இது எளிதில் வரும். அவற்றை எந்த எந்திரத்திலும் போட வேண்டாம். எந்திரத்தின் தலைப்பகுதியும் கெடும், அதன் பின் போடும் நல்ல நாடாவுக்கும் அது தொற்றும். அவற்றை மட்டும் தனியே கட்டி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

விஎச்எஸ் ஓட்டும் எந்திரம் இனிப் புதிதாகக் கிடைக்காது. அதைக் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. உறவினர் வீடுகளில் கேட்டுப் பாருங்கள்; தூசி தட்டினால் ஓடும் எந்திரம் ஒன்றாவது அகப்படும். அதிலிருந்து யுஎஸ்பி வழியாகக் கணினிக்குப் பதிவு செய்யும் சிறு கருவி அதிக விலையில்லை. வீடியோ8 நாடாக்களுக்கு, 1999 முதல் சோனி விற்ற டிஜிட்டல்8 கேமரா ஒன்று பழைய பொருள் சந்தையில் கிடைத்தால் விடாதீர்கள். அவற்றுள் பல பழைய நாடாக்களையும் ஓட்டி, டிஜிட்டலாகவே வெளியே தரும். மினிடிவி நாடாவில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் பதிவு. அதை ஃபயர்வயர் என்னும் டிஜிட்டல் கம்பி வழியாக எடுத்தால் ஒரு துளியும் குறையாமல் வரும். மணிக்கு 13 ஜிபி இடம் வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகள் வழியாக எடுக்கிற கடையாக இருந்தால், மினிடிவியை மட்டும் அங்கே கொடுக்காதீர்கள்.

பெட்டி முழுவதையும் ஒரே கடையில் ஒரே நாளில் ஒப்படைப்பதும் கூடாது. இரண்டு நாடாக்களைக் கொடுத்து, வேலையைப் பார்த்துவிட்டு, அடுத்த ஐந்தைக் கொடுங்கள். மாற்றிய கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்குகளில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்துவிடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் கரையோரப் பகுதி வீடுகள் பலவற்றில் ஆல்பமும் நாடாவும் ஹார்டு டிஸ்கும் ஒரே அலமாரியோடு போய்விட்டன. எல்லாம் மாற்றி முடித்த பின்னும் நாடாக்களை எறிய வேண்டாம். உறையின் மேல் அப்பா கையால் எழுதிய தேதியும் பெயர்களும்தான், படத்தில் இருப்பவர் யார் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சான்று. அந்த உறைகள் ஒவ்வொன்றையும் இன்றே கைப்பேசியில் படம் பிடித்துவிடுங்கள்.